உஷார்! சாவி உங்கள் பையில், கரன்ட் செல்ஃப் வயரில்

செல்ஃப் மோட்டாரைக் கழற்றக் காருக்கு அடியில் படுத்திருக்கிறீர்களா? முதலில் வெளியே வாருங்கள். பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

‘சாவியைத்தான் எடுத்தாச்சே’ என்பீர்கள். சாவிக்கும் அந்தத் தடித்த வயருக்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரியின் பிளஸ்ஸில் கிளம்பி நேராக செல்ஃபில் வந்து உட்காரும் வயர் அது. ஹாரனுக்கெல்லாம் 10, 15 ஆம்பியரில் ஃபியூஸ் உண்டு. பெரும்பாலான கார்களில் இந்த வயருக்கு மட்டும் கிடையாது. ராத்திரி முழுக்க வண்டி தூங்கினாலும் அது விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

செல்ஃப் இருக்கிற இடமோ, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடுக்கு. நட்டு கண்ணில் படாது. விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். ஸ்பேனரின் ஒரு முனை அந்த நட்டில் இருக்க, மறுமுனை இன்ஜினில் உரசினால் போதும். இன்ஜின் மொத்தமும் எர்த். பல நூறு ஆம்பியர் ஸ்பேனர் வழியாகப் பாயும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, வாஸ்தவம்தான். ஆனால் வெல்டிங் வைக்கும். என் 12-13 ஸ்பேனரின் நுனியில் எலி கடித்தது போல ஒரு பள்ளம் இருக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் விழுந்தது. அந்த இடத்தில் மோதிரம் மாட்டியிருந்தால் பழுக்கக் காய்ந்த இரும்பு விரலைச் சுற்றியிருக்கும். மோதிரம், காப்பு, ஸ்டீல் வாட்ச் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

மைனஸை ஏன் முதலில் கழற்ற வேண்டும்? பிளஸ்ஸைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பேட்டரி பக்கத்திலேயே தீப்பொறி. சார்ஜ் ஆன பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். அது வெடித்தால் ஆசிட் முகத்தில் தெறிக்கும். மைனஸைத் திருகும்போது பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒன்றுதானே. மாட்டும்போது மைனஸ் கடைசி.

அடுத்தது, ஸ்டெப்னி மாற்றக் கொடுத்த ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது. வேண்டவே வேண்டாம். அதைவிட மோசம் ஹாலோ பிளாக் அடுக்குவது. சத்தமே இல்லாமல் நிற்கும், நொறுங்கும்போது சொல்லிக்கொண்டு நொறுங்காது. சமதளத்தில் ஸ்டாண்ட் போடுங்கள், பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சைலன்சர் பைப் ஆறட்டும். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது செல்ஃபுக்கு நேர் கீழே முகம் இருக்கக் கூடாது. மூன்று நான்கு கிலோ இரும்பு அது.

எனக்கு அதிகம் பயம் தருவது புது செல்ஃபை மாட்டிய பிறகு நடக்கும் ‘டெஸ்ட்’தான். ஸ்க்ரூடிரைவரால் செல்ஃபின் சுவிட்சான சாலினாய்டின் இரண்டு டெர்மினல்களைச் சேர்த்துத் தொட்டுப் பார்ப்பார்கள். வண்டி கியரில் இருந்தால் சாவி இல்லாமலேயே முன்னால் பாயும். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பாதுகாப்பெல்லாம் அங்கே செல்லாது. ஜாக்கியில் நிற்கும் வண்டி, அடியில் நீங்கள். நினைத்துப் பாருங்கள்.

வண்டியை இறக்கி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்புங்கள். அதற்கு முன், பிளஸ் நட்டு இறுகியிருக்கிறதா, அதன் மேல் ரப்பர் மூடி திரும்ப ஏறியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். நட்டு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறிக் கருகும். மூடி இல்லாவிட்டால் அடுத்து கை விடுகிறவருக்கு இதே கதைதான்.