வாத்தியார் வைத்துவிட்டுப் போன நோட்டுகள்

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சென்ற மாதம் படத்திறப்பு. காலமானவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தொண்ணூறைத் தாண்டியவர். மைக் பிடித்த எல்லோரும் அவரிடம் படித்து அதிகாரியானவர்களின் பட்டியலையே வாசித்தார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் கழித்த வருடங்களைவிட, வீட்டுக்கு வந்தபின் செய்த வேலைதான் பெரிது என்பது என் கட்சி.

1991இல் அந்த மாவட்டத்துக்கு அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தது. தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. பென்ஷன்காரர் பொழுது சாய்ந்ததும் அரிக்கேன் விளக்கோடு கல்லுடைக்கும் பெண்களின் குடியிருப்புக்கு சைக்கிள் மிதிப்பார். உளி பிடித்துக் காய்த்துப்போன விரல்களில் பலப்பம் நிற்காது. முதலில் மணலில் குச்சியால் எழுதவிட்டார். கை பழகிய பிறகே சிலேட்டு. அவர் எழுதிவைத்த வருகை நோட்டைப் புரட்டினேன். வராதவர் பெயருக்கு நேரே ‘ஆப்சென்ட்’ என்று போட அவருக்கு மனம் வரவில்லை. ‘களையெடுப்பு’, ‘மகளுக்குப் பேறுகாலம்’, ‘புருஷன் விடவில்லை, நாளை நேரில் போக வேண்டும்’ என்று காரணம் எழுதியிருக்கிறார். கடைசிக் காரணம்தான் அடிக்கடி வருகிறது.

அந்த இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் பழகியது நாடறிந்த கதை. கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவர்களில் இவரும் ஒருவர் என்பது ஊருக்கு மட்டுமே தெரியும். 1992இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். விழா முடிந்ததும் பலர் கலைந்தார்கள். எழுத்து மறந்துபோகும் என்று இவர் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் போய்க்கொண்டிருந்தார்.

காசு கொடுக்காமல் வேலை வாங்கியது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். என் கவலை வேறு. சம்பளப் பட்டியல் இல்லாததால் இந்தத் தொண்டர்களின் பெயர் எந்தக் கோப்பிலும் இருக்க வாய்ப்பு குறைவு. மிச்சமிருப்பது இப்படிப்பட்ட நோட்டுகளும் சிலருடைய ஞாபகமும்தான். ஞாபகம் வருடத்துக்கு வருடம் குறைகிறது. நோட்டுகள் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. இவருடைய டிரங்குப் பெட்டியில் பாதியை ஏற்கெனவே போட்டாயிற்று. ‘ஏதோ கணக்கு நோட்டுன்னு நெனச்சோம் சார்’ என்றார் மருமகள். அவரைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவருக்குச் சொல்லவில்லையே!

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து வாத்தியார் யாராவது உயிரோடிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பேசவிட்டு, செல்போனில் பதிவு செய்துவிடுங்கள்.