ஸ்க்ரூடிரைவரும் ஸ்கேனரும்

1980களின் கடைசியில் திருச்சியில் எங்கள் தெருமுனையில் கீற்றுக் கூரை போட்ட ஒரு கார் ஷெட் இருந்தது. ஷெட்காரரைத் தெருவே பாய் என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையோடு அங்கே போய் நின்றுவிடுவேன். சத்தம் வருகிறது என்று ஓர் அம்பாசிடர் வந்தால், பானெட்டைத் திறந்துவிட்டு முதலில் நீளமான ஸ்க்ரூடிரைவரைக் கேட்பார் பாய். அதன் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோர எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "லேசா ரேஸ் பண்ணுப்பா." முனையை இரண்டு அங்குலம் நகர்த்துவார். மறுபடி கேட்பார். அந்தச் சில நிமிடங்கள் ஷெட்டில் ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தாலும் பையனுக்குத் திட்டு விழும்.

அவர் காதுக்குள் ஒரு கணக்கு ஓடும். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் டேப்பட் சத்தம் மேலிருந்து, இன்ஜின் வேகத்தில் பாதியாக, தையல் மிஷின் போல டிக் டிக் என்று வரும். கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருந்தால் அடியிலிருந்து, இன்ஜின் வேகத்துக்கு ஈடாக, டொக் டொக் என்று கனமாக விழும். முன்னதற்கு ஒரு ஃபீலர் கேஜும் கொஞ்ச நேரமும் போதும். பின்னதற்கு இன்ஜினையே பிரிக்க வேண்டும். ஒரு டாக்சிக்காரர் வீட்டில் அந்த மாதம் அடுப்பு எப்படி எரியும் என்பது அந்தக் காதில் இருந்தது.

சந்தேகம் தீராவிட்டால், ஓடுகிற இன்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கழற்றியதும் இன்ஜின் தள்ளாடினால் அந்த சிலிண்டர் ஒழுங்காக உழைக்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் படுத்துவிட்ட சிலிண்டர். கழற்றியதும் டொக் அடங்கினால், அடிக்கிற பேரிங் அதற்கு நேர் கீழே. எரிதல் நின்றதும் அந்த ராடின் மேல் விழும் அழுத்தம் குறைந்துபோவதால் சத்தமும் அடங்குகிறது.

பிறகு ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார். கிளட்சை விட்டு வண்டி கிளம்பும் கணத்தில் அடியில் டங் என்றால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் தேய்ந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஓர் ஊளை, காலை எடுத்தால் சுருதி மாறுகிறது என்றால் பின்னால் கிரவுன் பினியன். திரும்பி வந்து ஜாக்கி போட்டு, முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுவார். அதில் ஆட்டம் இருந்தால் கிங் பின்னோ பேரிங்கோ. இடமும் வலமுமாக ஆடினால் ஸ்டீயரிங்கின் டை ராடு. பாகம் புதிதாக வாங்குவது கடைசி யோசனை. லேத் பட்டறையில் புஷ் கடைந்து வாங்கிப் போடுவார்கள். அங்கேயும் ஆகாவிட்டால் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய பாகம் பஸ்ஸில் வந்து இறங்கும்.

அந்தக் காது அவ்வளவு தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. உத்தர்பாரா தொழிற்சாலையில் 1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசிடரின் உடலமைப்பு அடிப்படையில் மாறவே இல்லை. ஒரே வண்டியை ஆயுள் முழுக்கக் கேட்டார்கள். எந்தச் சத்தம் அதன் இயல்பு, எது நேற்று வந்தது என்று பிரித்தறிய அது போதுமாக இருந்தது.

1983இல் மாருதி 800 வந்தது. முன்சக்கரமே இழுக்கும் வண்டி என்பதால் அடியில் ஓடிய நீள ஷாஃப்ட் போனது, அந்த டங்கும் போனது. அதற்குப் பதில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது கட கட என்று ஒரு புதுச் சத்தம். ஆக்சிலின் வெளி ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் புகுந்ததன் விளைவு அது. 2000ஐ ஒட்டி கார்புரேட்டர் விடைபெற்று, பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கத் தொடங்கியது. பிளக் வயரைக் கையால் கழற்றுவது ஆபத்தான வேலையாகிவிட்டது.

இன்று ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் ஒன்று இருக்கும். ஸ்கேனரைச் செருகினால் பி0301 என்று வரும். முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். இதை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஷாஃப்ட்டுக்கு ஓர் உந்துதல் கிடைக்கும். ஒன்று எரியாமல் போனால் சுற்றில் ஒரு சிறு தளர்ச்சி. சென்சார் அந்தத் தளர்ச்சியைப் பிடிக்கிறது. பாய் தேடிய அதே தள்ளாட்டம்தான். அவர் கைக்கு எட்டாத நுணுக்கத்தில், வண்டி ஓடும்போதே. இந்த அறிவை நான் மதிக்கிறேன். சென்சார் கோளாறைக் காதால் கேட்டுவிட முடியாது.

ஆனால் தேய்கிற எல்லாவற்றிலும் சென்சார் இல்லை. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுன்ட் இவையெல்லாம் ஸ்கேனரிடம் வாய் திறக்காது. என் காருக்குப் பதினான்கு வயது. போன வருடம் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் உம்ம்ம் என்று ஓர் இரைச்சல் வந்தது. சர்வீஸுக்கு விட்டேன். ஸ்கேனரில் எந்தப் பிழைக் குறியீடும் இல்லை, டயர் சத்தம் என்றார்கள். முன்டயர் இரண்டையும் மாற்றினேன். இரைச்சல் அப்படியே இருந்தது.

பைபாஸ் ஓரம் சின்ன ஷெட் வைத்திருக்கும் ஓர் இளைஞனிடம் போனேன். "எந்த ஸ்பீடுலண்ணே? திருப்புறப்போ கூடுதா, குறையுதா?" என்றுதான் ஆரம்பித்தான். அதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவனே ஓட்டினான். காலி ரோட்டில் லேசாக இடப்பக்கம் வளைத்தான், இரைச்சல் ஏறியது. வலப்பக்கம் வளைத்தான், இறங்கியது. "இடது பக்கம் ஒடிச்சா வெயிட்டு வலது சக்கரத்துல ஏறும். வலது முன் பேரிங்ணே."

ஷெட்டில் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டு, "காயில் ஸ்பிரிங்கைப் பிடிச்சுப் பாருங்க" என்றான். பிடித்தேன். உள்ளங்கைக்குள் மணல் அரைபடுவதுபோல ஒரு நறநறப்பு. இடப்பக்கச் சக்கரத்துக்குப் போய் அதேபோல் பிடித்தேன். சலனமே இல்லை. கழற்றிய பேரிங்கைப் பிரித்துக் காட்டியபோது, குண்டுகள் ஓடும் பாதையில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். அவன் மேசையில் ஸ்கேனர் இருந்தது. பக்கத்திலேயே, கைப்பிடி வழவழத்துப்போன ஒரு நீள ஸ்க்ரூடிரைவரும்.

ஆகவே கேட்கத் தெரிந்த மெக்கானிக் போய்விடவில்லை. குறைந்துபோனது நம் காதுதான். அன்று டாக்சி டிரைவர் ஷெட்டுக்குள் நுழையும்போதே, "பாய், காலையில ஸ்டார்ட் பண்ணா அடிக்குது, சூடானா நிக்குது" என்று பாதி நோயைச் சொல்லிவிடுவார். இன்று கண்ணாடியை ஏற்றி, ஏசியையும் பாட்டையும் போட்டுக்கொண்டு, வண்டி கடைசியாகக் கத்தும்போதுதான் நமக்குக் கேட்கிறது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். மாதம் ஒரு நாள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, நீளமான ஒரு காம்பவுண்டு சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டு உங்கள் காதுக்கே திரும்பும். எந்த வேகத்தில், சூட்டிலா குளிரிலா, திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் சாவியோடு அந்தச் சீட்டையும் கொடுங்கள். எனக்கு அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் இரண்டு டயர் மிச்சமாகியிருக்கும்.