ஆடு தாண்டும் ஆறும் ஆகாய விமானமும்

ஓசூர் என்றதும் லாரியும் மோட்டார் சைக்கிளும் ரோஜாப் பூவுமே நினைவுக்கு வரும். அங்கே ஆகாய விமானமும் செய்தார்கள் என்றால் பலர் நம்ப மாட்டார்கள்!

ஓசூரை அடுத்த பெலகொண்டபள்ளியில் தனேஜா நிறுவனத்தின் விமானத் தளம் இருக்கிறது. 1990-களில் 'பி-68' என்ற இத்தாலிய மாதிரி விமானம் இங்கே உருவாயிற்று. இரண்டு எஞ்சின், ஆறு பேர் உட்காரலாம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே உள்ள காட்சியை மறைக்காது. ஆற்றைப் பார்க்க இதைவிடத் தோதான வாகனம் ஏது?

பார்ப்பதற்கு ஆறும் பக்கத்திலேயே இருக்கிறது. தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளைத் தாண்டினால் காவிரி. மலைப்பாதையில் பஸ் திணறித் திணறிச் செல்லும் தூரத்தை இந்த விமானம் கால் மணி நேரத்தில் கடந்துவிடும். மேக்கேதாட்டில், அகன்று வந்த ஆறு கருங்கல் பிளவுக்குள் ஒடுங்கிப் பாய்கிறது. ஆடு தாண்டும் இடம் என்பது அந்தக் கன்னடப் பெயரின் பொருள். அதற்குக் கீழே, இரு மாநிலங்களுக்கும் எல்லையாக, மலைகளுக்கிடையே வளைந்து ஒகேனக்கல்லுக்கு வருகிறது. கோடையில் மலையெல்லாம் இலையுதிர்ந்து பழுப்பேறிக் கிடக்க, ஆற்றோரம் மட்டும் பச்சைக் கோடு ஓடும். பாலைவனத்து ஆறுகளும் மேலிருந்து இப்படித்தான் தெரியும்.

அழகுக்குள் ஆபத்து

இந்த அழகைக் கிட்டத்தில் காண ஆசைப்பட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினால்தான் வினை. விமானம் காரைப்போல நின்று திரும்பாது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில், 30 பாகை சாய்ந்து திரும்புவதற்கே சுமார் 700 மீட்டர் அகலம் வேண்டும். ஆடு தாண்டும் இடத்தில் அதற்கு எங்கே போவது? அவசரத்தில் இன்னும் சாய்த்தால் இறக்கையின் தாங்கு சக்தி போய்விடும். 60 பாகை சாய்வில், விழாமல் பறக்கவே வழக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைந்த வேகம் தேவை. வெயில் காலத்தில் காற்று லேசாகிவிடுவதால் எஞ்சினும் சோர்ந்து போகும்.

ஆகவே, அனுபவசாலி பள்ளத்தாக்கின் நடுவே பறப்பதில்லை. ஒரு பக்கமாக ஒட்டிப் பறந்து, எதிர்ப்பக்கத்தைத் திரும்புவதற்கு மிச்சம் வைக்கிறார். மேட்டிலிருந்து பள்ளம் நோக்கியே போகிறார்; நீரோட்டத்தை எதிர்த்துப் போனால் விமானம் ஏறுவதைவிடத் தரை வேகமாக ஏறிவிடலாம். ஆற்றின் குறுக்கே போகும் மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கோபுரம் தெரியும். எனவே கோபுரத்துக்கு மேலாகவே கடக்கிறார்.

அமெரிக்காவின் கிராண்ட் கான்யன் 1,600 மீட்டர் ஆழம். அங்கே 1986-ல் சுற்றுலா விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் மாண்டனர். மறு ஆண்டே, விளிம்புக்குக் கீழே பறப்பதைத் தடுக்கச் சட்டம் வந்தது.

காவிரிக் கரையில் கேட்க வேண்டியவர்கள் வேறு சிலரும் உண்டு. அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகள் 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் சேர்ந்தன. தாகத்தோடு ஆற்றில் இறங்கும் யானைகளுக்கு எஞ்சின் சத்தம் ஆகாது.