"நாளையிலேருந்து வர வேண்டாம்"

பண்ணைக் காலத்துத் தஞ்சாவூரில் கூலியை வாய்விட்டுக் கேட்ட பண்ணையாளுக்கு வேலை போகும். சில சமயம் குடியிருந்த மனையும் சேர்ந்தே போகும். இதற்குச் சட்டம் போட்ட தடை 1952-இல் வந்தது. ராஜாஜி அரசு ஆகஸ்டில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதுவே பிறகு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஆயிற்று. தக்க காரணமில்லாமல் பண்ணையாளை நிறுத்தக் கூடாது, தகராறென்றால் சமரச அலுவலரிடம் போகலாம் என்றது அது. மிராசுதார்கள் சும்மா இருப்பார்களா? பண்ணையாளே வேண்டாமென்று பலர் தினக்கூலிக்கு மாறிக்கொண்டார்கள்.

அந்த ஓட்டை இன்றும் அடைபடவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர் குறைந்தபட்சக் கூலி கேட்கலாம். கேட்டதற்காக மறுநாள் கூப்பிடாமல் விட்டால், வேலையை மீட்டுத் தர வழி அநேகமாக இல்லை. கடையிலோ அரிசி ஆலையிலோ நிலையாக வேலை பார்ப்பவர் சங்கதி வேறு.

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். நாளெல்லாம் நிற்கும் பெண் ஒருவர் உட்கார ஸ்டூல் கேட்கிறார். கடைக்காரர் இருக்கை தந்தாக வேண்டுமென்று 2021-இல் தமிழகம் சட்டம் திருத்தியிருக்கிறது. ஆனாலும் மாலையில் மேனேஜர் கூப்பிட்டு, "நாளையிலேருந்து வர வேண்டாம்மா, இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ" என்கிறார். அந்தத் தாள் பெரும்பாலும் ராஜினாமாக் கடிதம். போட்டுவிட்டால் நீக்கம் என்பதே இல்லாமல் போய்விடும். போடாதீர்கள்.

அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தரும் பேச்சுரிமை முக்கியமாக அரசுக்கு எதிராக நிற்பது. தனியார் முதலாளியிடம் அதைக் காட்டி வேலையை மீட்பது கடினம். இங்கே கைகொடுப்பது 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. ஒழுங்கீனம் என்று சொன்னால் விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். பேச்சுவார்த்தை என்று இழுத்தடிப்பதில் அது கரைந்துவிடும்.

ஆலைத் தொழிலாளிக்குத் தொழிலுறவுச் சட்டம். புகார் கொடுத்ததற்கும் சங்கத்தில் சேர்ந்ததற்கும் பழிவாங்கி நீக்குவதை அது முறைகேடு என்கிறது. நீக்கத்தை எதிர்க்க முன்பு மூன்று ஆண்டு இருந்தது; 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் இரண்டாகக் குறைந்துவிட்டது.

குறையை எங்கே சொல்கிறோம் என்பதும் முக்கியம். தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு எழுதிய மனு உங்களுக்குச் சாட்சி. ஆத்திரத்தில் முதலாளியைத் திட்டிப் போட்ட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அவருக்குச் சாட்சி.

வாய்மொழியாக நிறுத்தினால், அன்றைக்கே "வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை" என்று தேதியிட்டு ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். வருகைப் பதிவேட்டுப் படம், சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கம், பி.எஃப். எண் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். வக்கீலுக்குக் காசில்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். உதவி எண் 15100.