முகப்பு மட்டும் பழசா, வீடே பழசா? சிங்கப்பூர் கடைவீடுகள் சொல்லும் பாடம்

பழைய வீட்டை இடிக்காமலே அதே மனையில் அடுக்குமாடி எழுப்ப முடியுமா? முடியும். ஆனா முன்சுவரை மட்டும் நிறுத்தி வச்சுட்டு 'பாரம்பரியத்தைக் காப்பாத்திட்டோம்'னு சொல்றதும், வீட்டையே காப்பாத்துறதும் ஒண்ணு இல்லை. சிங்கப்பூரில் இந்த வித்தியாசம் விதிமுறையிலேயே இருக்கு.

என்ன விதி?

தேக்கா என்று தமிழர்கள் அழைக்கும் லிட்டில் இந்தியாவும் சைனாடவுனும் 1989-ல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இன்று சிங்கப்பூர் முழுக்க 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பட்டியலில் இருக்கு. இதில் கடைவீடுகள் ஏராளம்: கீழே கடை, மேலே குடித்தனம், வாசலில் 'அஞ்சடி' நடைபாதை.

தேக்காவில் கட்டடம் முழுசும் காக்கப்படணும். ஜூ சியாட் போன்ற பகுதிகளில் நகர மறுசீரமைப்பு ஆணையம் கொஞ்சம் இடம் கொடுக்குது. முன்னால் இருக்கும் வீட்டை முறையா மீட்டெடுத்தா, பின்னால் அதைவிட உயரமான புதுக் கட்டடம் கட்டலாம். அந்தப் புது ஃபிளாட்டுகளின் வருமானம், பழசைச் சீரமைக்கும் செலவுக்குக் கைகொடுக்கும்.

வடிவமைப்பில் சிக்கல் எங்கே?

சுவர்: பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் பொதுச்சுவரில்தான் மாடியின் மர உத்திரங்கள் உட்கார்ந்திருக்கு. புதுக் கட்டடத்தின் பாரத்தையும் அதில் ஏற்றினா விரிசல் விடும். அதனால் புதுசுக்குத் தனி அஸ்திவாரம், தனித் தூண் வேணும்.

பூச்சு: பழைய செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு வழியா ஈரத்தை வெளியேற்றும். மேலே சிமென்ட் பூசினா ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் உப்புப் பூத்து உதிரும்.

வெளிச்சம்: ஒடுங்கி நீண்ட இந்த வீடுகளுக்கு நடுமுற்றம்தான் காற்றும் வெளிச்சமும். அதை மூடி அறையாக்கினா பகலிலேயே லைட் போடணும்.

வாங்குறவங்க என்ன கேட்கணும்?

'ஹெரிட்டேஜ் ஃபிளாட்' விளம்பரம் எந்த ஊரில் கண்ணில் பட்டாலும் மூணு கேள்வி கேளுங்க. பழைய கூரை, மாடித்தளம், படிக்கட்டு இருக்கா? முற்றம் திறந்திருக்கா? பழைய பகுதியின் பராமரிப்புச் செலவு யார் தலையில்? முன்சுவர் தவிர எல்லாமே புதுசுன்னு பதில் வந்தா, நீங்க கூடுதல் விலை கொடுக்கிறது ஒரு முகமூடிக்குத்தான்.