தேவாங்கும் பீட் மாஸும்

"அண்ணாச்சி, இதுல ஒரு தடவை நாத்து போட்டுப் பாருங்க, முளைப்பு பிரமாதமா இருக்கும்." குலசேகரன்பட்டினத்தில் என் நாற்றங்காலுக்கு வந்த தம்பி ஒரு பீட் மாஸ் மூட்டையை இறக்கினான். பொய் சொல்லக்கூடாது, நல்ல சரக்குதான். இந்தப் பாசி தன் எடையைப்போல 15, 20 மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். எங்கள் தேரி மணலுக்கு வேறென்ன வேணும்?

ஆனால் எனக்குக் கடவூர்த் தேவாங்கு ஞாபகம் வந்துவிட்டது. குரங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம். எடை கால் கிலோ சுமார்தான். ராத்திரியில் கிளை கிளையாக ஊர்ந்து பூச்சி தின்னும், கூலி கேட்காத வேலையாள். ஐந்தரை மாதம் சுமந்து ஒன்றோ இரண்டோ குட்டிதான் போடும். பிடித்து விற்றால், காட்டை அழித்தால், இழந்ததை ஈடுகட்ட அதற்குச் சீக்கிரம் ஏலாது. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை அதற்கென்றே சரணாலயமாக அரசு அறிவித்தது.

பீட் மாஸும் அப்படித்தான். குளிர்நாட்டுச் சதுப்பில் பாசி முழுசாக மக்காமல் படிந்து, வருஷத்துக்கு 1 மி.மீ. அளவில்தான் உயரும். ஒரு மீட்டருக்கு ஆயிரம் வருஷம்! வெட்டுவதற்குச் சதுப்பை வடித்தால், அடைந்து கிடந்த கரி வாயுவாகக் கிளம்பிவிடும். உலக நிலப்பரப்பில் 3 சதவீதமே இந்தச் சதுப்பு. ஆனால் காட்டு மரங்கள் எல்லாவற்றிலும் இருப்பதைவிட அதிகக் கரி இதில்தான் இருக்கிறது. தேவாங்கைக் காப்பாற்றச் சொல்லிவிட்டு இதை மூட்டை மூட்டையாக வாங்கவா?

தம்பிக்குத் தென்னை நார்த்தூளைக் காட்டினேன். இதிலும் வில்லங்கம் உண்டு, மறைக்கவில்லை. முதல் வருஷம் என் கிணற்றுத் தண்ணீரிலேயே அலசினேன். கடலோரக் கிணறு; உப்போடு உப்பு சேர்ந்து தக்காளி நாற்றெல்லாம் நுனி கருகிப்போச்சு. இப்போது ஐப்பசி மழையில் பரப்பிவிட்டு, உப்பு வடிந்த பிறகுதான் அள்ளுவேன். பச்சைத் தூளை அப்படியே போட்டாலும் தப்பு: தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாகும். வேளாண் பல்கலைக்கழக முறையில் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்கவைப்பார்கள். நான் யூரியாவுக்குப் பதில் ஆட்டுப்புழுக்கையும் சாணிக்கரைசலும் அடுக்கடுக்காகப் போட்டு, நிழலில் ஈரம் காயாமல் வைப்பேன். கறுத்து, மண்வாசம் வந்தால் மண்புழு உரத்தோடு கலந்து குழித்தட்டில் நிரப்ப வேண்டியதுதான்.

தம்பி மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றினான். "எனக்கும் ஒரு சாக்கு நார்த்தூள் தாங்க அண்ணாச்சி" என்றான்.

"ஐப்பசி வரட்டும், அலசித் தாரேன்."