லேசருக்குப் பின் ஒரு மாத நிழல்

நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தாடையில் முடி நீக்க லேசர் செய்துகொண்டேன். புள்ளி புள்ளியாகச் சிவந்து தடித்திருக்கிறது. கஸ்தூரி மஞ்சள் பூசலாமா? கிளினிக்கில் விற்கும் கிரீம் செட் வாங்க வேண்டுமா?"

மஞ்சள் வேண்டாம். சூடுபட்ட தோலுக்கு அது ஒவ்வாமல் போகலாம். கிரீம் செட்டும் அவசியமில்லை. அந்தக் காசுக்கு நல்ல சன்ஸ்கிரீன் வாங்கலாம். காரணம் அவர் ஊர்ச் சுரங்கத்திலேயே இருக்கிறது.

பழுப்பு நிலக்கரி மேல்மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. முடி வேரும் அப்படித்தான், மேல்தோலுக்குக் கீழே. மண்ணை ராட்சதச் சக்கர இயந்திரம் வெட்டி எறிந்துவிடும். லேசரோ மேல்மண்ணைத் தொடாமல் கரியை மட்டும் சூடேற்ற வேண்டும். ஒளிக்குத் தெரிந்தது கறுப்பு ஒன்றுதான். மெலனின் என்ற கறுப்பு நிறமி எங்கிருந்தாலும் அங்கே வெப்பமாகிவிடும். நம் மாநிறத் தோலில் மேல்மண்ணிலேயே கரித்தூள் கலந்திருக்கிறது. சங்கடம் அங்கேதான்.

இதிலிருந்து தப்பிக்க உதவுவது நேரம். சிறிய பொருள் சட்டென ஆறும், பெரியது மெல்ல ஆறும். மேல்தோல் சில மில்லி விநாடிகளில் வெப்பத்தை உதறிவிடுகிறது. தடித்த முடி வேருக்கு 10 முதல் 100 மில்லி விநாடி வரை ஆகிறது. ஆகவே ஒளியை ஒரே அடியாக அடிக்காமல் சற்று நீட்டிப் பாய்ச்சினால், மேலே ஆறிக்கொண்டே வரும், கீழே சூடு சேர்ந்துகொண்டே போகும். இதைவிட அழகான சங்கதி ஒன்று உண்டு. அழிக்க வேண்டியது முடியையே அல்ல. முடியை மீண்டும் முளைக்க வைக்கும் செல்கள் பக்கத்தில், பெரும்பாலும் நிறமில்லாமல், லேசர் கண்ணில் படாமல் இருக்கின்றன. முடி வெறும் அடுப்பு. அதிலிருந்து கசியும் சூட்டில்தான் அவை வேக வேண்டும். நரைமுடியில் லேசர் பலிக்காதது இதனால்தான்.

வரலாறு சுருக்கமாக: 1960இல் இயற்பியலாளர் மைமனின் ரூபி லேசர் வந்தது, 1983இல் ஆய்வாளர்கள் ஆண்டர்சன், பாரிஷ் இருவரும் இந்த நேரக் கணக்கை எழுதினார்கள், தொண்ணூறுகளில் அழகு வியாபாரம் பிடித்துக்கொண்டது. ரூபியின் 694 நானோமீட்டர் ஒளியை மெலனின் ஆவலாக விழுங்கும். 1064 நானோமீட்டர் யாக் லேசரை அவ்வளவாக விழுங்காது. அதனால் கறுத்த தோலுக்கு அதுவே பத்திரம். எந்த லேசர் என்று கேட்டுவிட்டுப் படுங்கள். 'நிரந்தரமாகப் போகும்' என்ற விளம்பரப் பலகையை நம்ப வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புக்கொள்வது நிரந்தரக் குறைப்பை மட்டுமே.

குவித்து வைத்த பழுப்பு நிலக்கரி தானாகவே சூடேறிப் புகையும், தண்ணீர் பீய்ச்சுவார்கள். தோலுக்கும் முதல் வேலை அதுதான். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றுங்கள்; ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். வேரைச் சுற்றிய தடிப்பு, வேர் சூடேறியதன் அடையாளம்; சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அடங்கும். அதுவரை வெந்நீர்க் குளியல், ஸ்கிரப், வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி எதுவும் கூடாது. எலுமிச்சைச் சாறு ஒருபோதும் வேண்டாம்; வெயிலோடு சேர்ந்தால் அதுவே தோலைப் பொசுக்கும். கொப்புளம் வந்தால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஓரிரு வாரத்தில் முடி மறுபடி வளர்வதுபோல் தெரியும். பெரும்பாலும் அது வெந்த முடி வெளியேறுவதுதான். ஷேவ் செய்யலாம், த்ரெட்டிங், வேக்ஸிங் கூடாது. வேரோடு பிடுங்கினால் அடுத்த முறைக்கு அடுப்பு எங்கே?

மிச்சமெல்லாம் வெயில். புண்பட்ட மாநிறத் தோல் மெலனினைக் கொட்டித் திட்டாகக் கறுக்கும். கத்திரி வெயில் அதை இன்னும் கூட்டும். அடுத்த அமர்வு 4 முதல் 6 வாரத்தில். அதற்குள் மேல்மண் கறுத்திருந்தால் ஒளி மேலேயே நின்று சுடும். எனவே எஸ்பிஎஃப் 30க்கு மேல் சன்ஸ்கிரீன், வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கொரு முறை, கூடவே துப்பட்டாவோ குடையோ. கண்ணுக்குத் தெரியும் ஒளிகூட நம் தோலைக் கறுக்கச் செய்யும். இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமேற்றிய சன்ஸ்கிரீன் அதையும் தடுக்கும்.

தாடை முடியோடு மாதவிலக்கும் தள்ளித் தள்ளி வருகிறது என்றால் முதலில் ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால், லேசர் ஒரு பக்கம் அழிக்க, உடம்பு மறுபக்கம் புது முடியை வளர்த்துக்கொண்டே இருக்கும்.